வெள்ளைக் கோட்டில் வெள்ளி இருக்குமா? தாது நாளத்தைப் படிக்கும் முறை

வேலூர், திருப்பத்தூர் பக்கத்துப் பாறைகளில் வெள்ளைக் கோடு ஓடாத இடம் அரிது. ஊரில் வெங்கச்சங்கல் என்பார்கள். புத்தகத்தில் குவார்ட்ஸ். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கோடுகளில் அதைத் தவிர வேறொன்றும் இருக்காது. மீதி ஒன்றைக் கண்டுபிடிக்க நினைப்பவர்கள் கோட்டையே முறைத்துப் பார்க்கிறார்கள். அதில்தான் கோளாறு. கோடு எந்தப் பாறையை வெட்டிக்கொண்டு போகிறது, வெட்டிய இடத்தில் அந்தப் பாறை எப்படி உடைந்திருக்கிறது என்பதை முதலில் குறிக்க வேண்டும். பாறைப் பிளவில் கனிமம் படிந்து உருவான கோடுதான் நாளம். அதன் செல்வத்தைப் பெரும்பாலும் இருபுறமும் உள்ள பக்கப்பாறைதான் தீர்மானிக்கிறது.

நிலவியல் மாணவர்களுக்கும், பள்ளியில் அறிவியல் மன்றம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க எங்களுக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் கனடாவில் இருக்கிறது. சுப்பீரியர் ஏரியின் வடமேற்குக் கரையில், சிப்லி தீபகற்பத்தின் முனைக்கு எதிரே உள்ள சில்வர் ஐலெட் அது. அதை மாதிரியாக வைத்துக்கொண்டு, ஆலங்காயம் பக்கத்து நாளங்களில் பயிற்சி எடுக்கலாம்.

முதலில் மாதிரி: சில்வர் ஐலெட்

1868-ல் மான்ட்ரியல் மைனிங் கம்பெனிக்காக அந்தக் கரையை ஆய்ந்துவந்த தாமஸ் மாக்ஃபார்லேனின் குழு, ஏரிக்குள் துருத்தி நின்ற ஒரு மொட்டைப் பாறையில் வெள்ளியைக் கண்டது. பாறையின் பரப்பு சுமார் 50 சதுர மீட்டர், அதாவது நம் ஊர்க் கணக்கில் ஒன்றேகால் சென்ட். நீர்மட்டத்துக்கு மேல் உயரம் இரண்டரை மீட்டர். அலை அடித்தால் பாறை முழுகும்.

அங்கே மூன்று பொருள்கள் சந்திக்கின்றன. அடியில் இருப்பது ரோவ் படிவம் எனப்படும் மிகப் பழைய களிப்பாறை. கரி கலந்த கறுப்புப் பாறை அது, வயது ஏறக்குறைய 180 கோடி ஆண்டு. அதைக் கிழித்துக்கொண்டு கேப்ரோ டைக் ஒன்று, அதாவது பிளவில் ஏறி இறுகிய கருநிற எரிகுழம்புப் பாறை, சுவர்போல நிற்கிறது. சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கா நடுவே பிளக்கப் பார்த்த காலத்து எரிகுழம்பு வகை அது. இந்த இரண்டையும் குறுக்கே வெட்டுவது ஒரு பிளவுப்பெயர்ச்சி, அதாவது இருபுறப் பாறையும் நகர்ந்த பிளவு. அந்தப் பிளவில் கால்சைட், டோலமைட் என்ற சுண்ணாம்புக் கனிமங்களும் குவார்ட்ஸும் படிந்தன. அவற்றோடு தனி வெள்ளி, ஆர்ஜென்டைட் (வெள்ளி சல்ஃபைடு), கலீனா (ஈயத் தாது), ஸ்பேலரைட் (துத்தநாகத் தாது), நிக்கல் கோபால்ட் ஆர்சனைடுகள் எல்லாம் படிந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது, நாளம் டைக்கை வெட்டும் இடத்தில் மட்டும்தான் வெள்ளி கொழித்தது. அதே நாளம் இருபுறமும் களிப்பாறைக்குள் போனதும் மெலிந்து, வெறும் கால்சைட்டாகிவிட்டது. காரணம் இரண்டு. கேப்ரோ விறைப்பான பாறை. அது உடைந்தால் இடைவெளி திறந்தே நிற்கும், தாது சுமந்த வெந்நீர் ஓட வழி கிடைக்கும். களிப்பாறை நசுங்கி இடைவெளியை மூடிக்கொள்ளும். இரண்டாவது காரணம் வேதியியல் சார்ந்தது. சுரங்கத்தில் கிராஃபைட் கிடைத்தது. பாறைப் பொந்துகளிலிருந்து தீப்பற்றும் வாயுவும் உப்புநீரும் பீறிட்டன. கரிப்பொருளும் அந்த வாயுவும் கரைசலில் இருந்த வெள்ளியை ஒடுக்கி, அதாவது உலோகமாக மாற்றிப் படியவைத்திருக்கும் என்பது வலுவான விளக்கம். ஆக, திறந்த பிளவும் ஒடுக்கும் பொருளும் ஒரே இடத்தில் சேர வேண்டியிருந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் பாறைக்கு வரலாம்.

டைக்கா, நாளமா, பெக்மடைட்டா?

நம் பகுதியின் அடிப்பாறை நைஸ், சார்னோக்கைட் என்ற பழைய கடினப் பாறைகள். அவற்றைக் கருப்புச் சுவராக வெட்டுபவை டாலரைட் டைக்குகள். பிளாக் கிரானைட் என்ற பெயரில் குவாரியில் அறுத்து விற்பது பெரும்பாலும் இதைத்தான். கிணறு வெட்டியவர்களுக்கு டைக்கைத் தனியே அறிமுகம் செய்ய வேண்டாம். சுவரின் ஒரு பக்கம் தண்ணீர் நிற்கும், மறுபக்கம் வறண்டு கிடக்கும்.

வெள்ளைக் கோட்டில் நகக்கண் அளவுக்கு மேல் பளபளக்கும் மைக்காத் தகடும், ரோஸ் அல்லது வெண்ணிற ஃபெல்ஸ்பார் கட்டிகளும் இருந்தால் அது பெக்மடைட், பெரிய படிகங்களாக இறுகிய கிரானைட் வகை. வெள்ளியைத் தேடுபவர் அதை விட்டுவிடலாம். ஃபெல்ஸ்பார் இல்லாமல் குவார்ட்ஸ், கால்சைட், பேரைட் (கனமான வெள்ளைக் கனிமம்) மட்டும் இருந்தால் நாளம். அதிலும் இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் பட்டை பட்டையாக நடுவை நோக்கி வளர்ந்திருந்தால், நடுவில் படிகப் பொந்து இருந்தால், பக்கப்பாறைத் துண்டுகள் உள்ளே சிறைப்பட்டிருந்தால், அது திறந்த பிளவில் வளர்ந்த நாளம். பால் வெள்ளையாக, ஒரே கட்டியாக, பட்டையே இல்லாமல் இருந்தால் அதிக நம்பிக்கை வேண்டாம்.

ஆலங்காயம் பகுதி இந்தப் பயிற்சிக்குப் பொருத்தமானது. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்து இப்போது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போன அந்தப் பகுதியில் குவார்ட்ஸ்-பேரைட் நாளங்கள் உண்டு. சிறிதளவு கலீனாவும் பதிவாகியிருக்கிறது. வெள்ளிச் சுரங்கம் எதுவும் அங்கே இல்லை. அப்படி யாராவது நிலம் விற்க வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஜவ்வாது மலை, ஏலகிரிச் சரிவுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் சுத்தியலோடு நுழையக் கூடாது. பட்டா நிலம் என்றால் உரிமையாளரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கைவிட்ட குவாரிக் குட்டைகளின் ஓரத்தில் வேலையே வேண்டாம். ஓரம் செங்குத்தாக இறங்கும், விழுந்தவர் ஏறிவரப் பிடிமானம் இருக்காது.

அளப்பது

தேவையானவை: சாய்வை அளக்கும் கிளினோமீட்டர் உள்ள காம்பஸ், 5 மீட்டர் டேப், ஒரு கிலோ சுத்தியல், உளி, பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த பாலித்தீன் பைகள், அழியாத மார்க்கர், கட்டம் போட்ட நோட்டு. கண்ணாடி இல்லாமல் குவார்ட்ஸை உடைக்காதீர்கள். அதன் சில்லு கத்தி போல வெட்டும்.

நாளத்தின் ஓடும் திசையை எடுக்கும்போது காம்பஸை டாலரைட் மேல் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அதில் உள்ள மேக்னடைட் என்ற காந்தத் தாது முள்ளைச் சில டிகிரி இழுத்துவிடும், இடி விழுந்த மேட்டில் இன்னும் அதிகமாக. நாளத்தின் ஒரு முனையில் கம்பு நட்டு, டைக்கிலிருந்து சில மீட்டர் தள்ளி நின்று, அதே கோட்டில் குறிபார்த்து எடுங்கள். பிறகு மறுமுனையிலிருந்து திருப்பி எடுங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் சரியாக 180 டிகிரி வராவிட்டால் ஏதோ ஒரு இடத்தில் முள் இழுபட்டிருக்கிறது. மொபைல் காம்பஸ் இதில் இன்னும் மோசம்.

சாய்வை நாளத்தின் சுவரில் எடுக்க வேண்டும். நாளத்துக்குள் இருக்கும் விரிசலில் எடுத்தால் தவறான எண்தான் கிடைக்கும். சுவர் கொஞ்சமே தெரியும் இடத்தில் நோட்டு அட்டையைச் சுவரோடு ஒட்டி வைத்து அதன் மேல் கிளினோமீட்டரை வையுங்கள்.

அகலத்தில்தான் அதிகமானோர் ஏமாறுகிறார்கள். சமதரையில் ஓடும் திசைக்குச் செங்குத்தாக அளந்த அகலத்தை, சாய்வின் சைன் மதிப்பால் பெருக்கினால்தான் உண்மையான அகலம் வரும். தரையில் 1.4 மீட்டர், சாய்வு 70 டிகிரி என்றால் 1.4 × 0.94 = 1.32 மீட்டர், பெரிய வித்தியாசம் இல்லை. சாய்வு 30 டிகிரி என்றால் அதே 1.4 மீட்டர் 0.7 ஆகச் சுருங்கிவிடும். படுத்த நாளம் எப்போதும் தன்னைக் கொழுத்ததாகக் காட்டும்.

பிறகு முக்கியமான வேலை. நாளத்தின் போக்கில் ஐந்து மீட்டருக்கு ஒரு தடவை நின்று மூன்றை மட்டும் எழுதுங்கள்: அகலம், இடப்பக்கப் பாறை, வலப்பக்கப் பாறை. நாளம் நைஸிலிருந்து டாலரைட்டுக்குள் நுழையும் இடம் வந்தால் ஐந்து மீட்டரை அரை மீட்டராக்குங்கள். நுழையும் இடத்துக்கு முன்னும் பின்னும் அகலம் எப்படி மாறுகிறது, பட்டை அமைப்பு தொடங்குகிறதா, கருந்தாது தென்படுகிறதா என்று பாருங்கள். சில்வர் ஐலெட்டில் லட்சக்கணக்கான டாலர் இருந்ததும் இல்லாததும் இந்த எல்லைக்கோட்டில்தான் பிரிந்தது.

மாதிரி எடுப்பது

பளிச்சென்று தெரியும் துண்டைப் பொறுக்கி ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஆய்வகம் பளிச்சென்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். அந்த எண்ணை வைத்து நாளத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நாளத்துக்குக் குறுக்கே, சுவரிலிருந்து சுவர் வரை, 10 செ.மீ. அகலம், 3 செ.மீ. ஆழத்தில் ஒரே சீரான கால்வாய் வெட்ட வேண்டும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 3,000 கன செ.மீ. பாறை வரும், எடை சுமார் 8 கிலோ. உங்கள் பையில் 3 கிலோதான் இருக்கிறது என்றால் கடினமான இடங்களை விட்டுவிட்டு மெத்தென்ற இடங்களைச் சுரண்டியிருக்கிறீர்கள் என்று பொருள். தாது பெரும்பாலும் மெத்தென்ற இடத்தில் இருப்பதால் முடிவு பொய்யாக உயரும். இரண்டு பக்கப் பாறையிலும் அரை மீட்டர் தனித்தனிப் பையில் எடுங்கள். நாளத்தோடு கலக்காதீர்கள்.

எட்டு கிலோவைக் குறைக்க, பட்டாணி அளவுக்கு உடைத்து, தார்பாயில் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால் பாகங்களை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஒதுக்குங்கள். 8, 4, 2, 1 என்று மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் இன்னும் பொடியாக்க வேண்டும். தனி வெள்ளி இருக்கும் நாளத்தில் இதுவே சிக்கலாகிவிடும். வெள்ளி பொடியாகாது, தட்டையாகி இலைபோல ஆகும். ஒரு இலை எந்தக் கால் பாகத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்து முடிவு பத்து மடங்கு மாறலாம். அதனால் சல்லடையில் மேலே நிற்கும் உலோகத் துண்டுகளைத் தனியாக எடைபோட்டு, கடைசியில் கணக்கில் சேர்ப்பார்கள்.

சில்வர் ஐலெட்டில் இரண்டு வகைத் தாதுவுக்கு இரண்டு வழி இருந்தது. கண்ணுக்குத் தெரியும் உயர்தரத் தாதுவைக் கையால் பொறுக்கி உருக்காலைக்குக் கப்பலில் அனுப்பினார்கள். ஏழைத் தாதுவை நசுக்கி நீரில் பிரிக்க வேண்டியிருந்தது. அதற்காகச் சுரங்கத்தை நடத்திய வில்லியம் பெல் ஃப்ரூ உருவாக்கிய இயந்திரம்தான் ஃப்ரூ வானர். சற்றே சாய்ந்த அகல ரப்பர் பெல்ட் மெதுவாக மேல்நோக்கி நகரும், பக்கவாட்டில் விடாமல் குலுங்கும். மேலிருந்து மெல்லிய நீர் வழியும். லேசான குவார்ட்ஸ், கால்சைட் தூள் நீரோடு கீழே போகும். கனமான தாது பெல்ட்டோடு ஒட்டி மேல்முனையைத் தாண்டித் தொட்டியில் விழும். முறத்தில் அரிசி புடைத்தவர்களுக்கு இதன் தத்துவம் புதிதல்ல. நீர் அதிகமானால் நுண்ணிய வெள்ளித் தூளும் அடித்துக்கொண்டு போகும், குறைந்தால் வெறும் மணலும் மேலேறும். அதனால்தான் நசுக்கிய தூளை முதலில் அளவு வாரியாகப் பிரிப்பது நல்லது.

வீட்டில் சோதிப்பது

சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். கல்லை உலர்வாக எடைபோடுங்கள். பிறகு தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து எண்ணைச் சுழியாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண் கல்லின் கன அளவு. முதல் எண்ணை இதனால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது கல் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது. 270 கிராம் கல் தண்ணீரில் 60 காட்டினால் 4.5, அது பேரைட். 102 காட்டினால் 2.65, அது வெறும் வெங்கச்சங்கல்.

நினைவில் வைக்க: கால்சைட் 2.7, டாலரைட் சுமார் 3, ஆர்சனோபைரைட் 6, ஆர்ஜென்டைட் 7.2 முதல் 7.4, கலீனா 7.5, தனி வெள்ளி 10-க்கு மேல். கலப்புக் கல்லில் இடைப்பட்ட எண் வரும். குவார்ட்ஸும் பேரைட்டும் மட்டுமே உள்ள கல் 3.5 காட்டினால், (3.5 − 2.65) ÷ (4.5 − 2.65) = 0.46. அதாவது கன அளவில் 46 சதம் பேரைட், எடையில் 59 சதம். கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் ஒப்படர்த்தி குறைவாக வரும். கல்லைச் சில நிமிடம் நனைத்து, விரலால் தடவிவிட்டுத் தொங்கவிடுங்கள். மக்கிய கல்லில் இந்தச் சோதனை சரிவராது.

கடினத்தைப் பார்க்க நகம் 2.5, கத்தி முனை ஐந்தரை, குவார்ட்ஸ் 7 என்ற வரிசை போதும். பழைய புத்தகங்கள் சொல்லும் செம்பு நாணயச் சோதனைக்கு இப்போதைய எவர்சில்வர் நாணயம் உதவாது. செம்புக் கம்பித் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸின் மெருகில்லாத பின்பக்கத்தில் தேய்த்தால் வரும் தூளின் நிறம் அடுத்த அடையாளம். கலீனா ஈயச் சாம்பல் நிறக் கோடு போடும், கனசதுரமாக உடையும். ஆர்ஜென்டைட்டும் கருஞ்சாம்பல்தான், ஆனால் உடையாது. கத்தியால் ஈயத்தைச் சீவுவதுபோல் சீவலாம். தனி வெள்ளி வெள்ளையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், மேலே கறுத்திருக்கும். சுரண்டினால் பளிச்சிடும், தட்டினால் தகடாகும். மைக்கா பளிச்சிடும், ஆனால் ஊசியால் குத்தினால் இதழ் இதழாகப் பிரியும். வெள்ளி என்று எங்களிடம் கொண்டுவரப்படும் கல்லில் பாதி மைக்காதான்.

பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் பொங்கும், பேரைட்டும் குவார்ட்ஸும் சும்மா இருக்கும். டோலமைட் பொடியாக்கினால்தான் பொங்கும். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்க வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. பாறை மேல் ரோஸ் படலம் தெரிந்தால் கோபால்ட், இளம்பச்சைப் படலம் தெரிந்தால் நிக்கல் இருக்கலாம். சில்வர் ஐலெட் வகை நாளங்களில் இந்த இரண்டு நிறங்களும் நல்ல வழிகாட்டி. ஆனால் அந்தத் தாதுக்களில் ஆர்சனிக் உண்டு. அடுப்பில், டார்ச்சில் வைத்துச் சூடாக்கிப் பார்க்கவே கூடாது. கலீனாவைத் தொட்டால் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

பழைய அறிக்கைகளில் வரும் கனிமப் பெயர்களையும் சந்தேகத்தோடு படியுங்கள். சில்வர் ஐலெட் தாதுவுக்கு அனிமிகைட், ஹன்டிலைட் என்று அன்று வைத்த பெயர்கள் பின்னால் கலவைகள் என்று தெரிந்து நீக்கப்பட்டன.

வெட்டுமுகம் வரைவது

கிராஃப் தாளில் 1:2000 அளவில் சில்வர் ஐலெட் சுரங்கத்தை, மேலிருந்து கீழ்வரை வெட்டிப் பக்கவாட்டில் பார்த்ததுபோல, வரையுங்கள். சுரங்கத்தின் ஆழம் 384 மீட்டர், தாளில் 19.2 செ.மீ. ஆரம்பத் தீவு ஏழு மீட்டர் பக்கமுள்ள சதுரம் என்று வைத்தால் தாளில் மூன்றரை மி.மீ. ஒரு பென்சில் புள்ளிக்குக் கீழே 19 செ.மீ. குழி. சுற்றிலும் ஏரி. இதை வரைந்து பார்த்தவருக்கு அந்தச் சுரங்கத்தின் வரலாறு பாதி புரிந்துவிடும்.

1870-ல் அலெக்சாண்டர் சிப்லியின் கம்பெனி பொறுப்பேற்றது. ஃப்ரூவின் ஆட்கள் மரச்சட்டப் பெட்டிகளைக் கல்லால் நிரப்பித் தீவைச் சுற்றித் தடுப்பு கட்டினார்கள். இலையுதிர்காலப் புயல்கள் அதை உடைத்தன, மறுபடி கட்டினார்கள். சுரங்கத்திலிருந்து வந்த கழிவுக் கல்லையே கொட்டிக்கொட்டித் தீவைப் பத்து மடங்குக்கு மேல் பெரிதாக்கினார்கள். ஆனாலும் நீர் உள்ளே கசிந்தபடியே இருந்தது. பம்ப் நின்றால் சுரங்கம் போய்விடும்.

384 மீட்டர் என்றால் 1,260 அடி. ஆயிரம் அடி போர் போட்டவர்கள் நம் பக்கம் நிறைய பேர். அந்த ஆழத்திலிருந்து ஒரு கன மீட்டர் நீரை மேலே கொண்டுவர, சக்தி எதுவும் வீணாகாத பம்ப்புக்கே ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும். அன்றைய நீராவிப் பம்ப் அதைவிடப் பல மடங்கு நிலக்கரியை விழுங்கியது. நல்ல தாது தீர்ந்துகொண்டிருந்தது, வெள்ளி விலையும் இறங்கியது. 1883-ல் ஏரி உறைந்து கப்பல் போக்குவரத்து நிற்பதற்கு முன் வரவேண்டிய நிலக்கரி வந்து சேரவில்லை. 1884 தொடக்கத்தில் பம்புகள் நின்றன, சுரங்கம் மூழ்கியது. அடியில் மறுபடி யாரும் வேலை செய்யவில்லை. வட ஆர்க்காட்டுக் குடும்பங்கள் பல தலைமுறையாக வேலைக்குப் போன கோலார் தங்கவயலும் 2001-ல் மூடிய பிறகு நீரால் நிரம்பியதுதான். உங்கள் வெட்டுமுகத்தில் நீர்மட்டக் கோட்டையும் தாதுவைப் போலவே தடித்து வரையுங்கள்.

பழைய எண்களைப் படிப்பது

சில்வர் ஐலெட்டின் மொத்த உற்பத்தி 32.5 லட்சம் டாலர் என்று எழுதுவார்கள். அதை இன்றைய வெள்ளி விலையால் வகுத்தால் அபத்தமான விடை வரும். 1870-ல் ஒரு அவுன்ஸ் வெள்ளி சுமார் 1.33 டாலர், 1883-ல் சுமார் 1.11. முழுவதும் முதல் விலைக்கு விற்றதாக வைத்தால் 24.4 லட்சம் அவுன்ஸ், கடைசி விலைக்கு என்றால் 29.3 லட்சம். வெள்ளிக்கான அவுன்ஸ் 31.1 கிராம், மளிகை அவுன்ஸின் 28.35 அல்ல. ஆகவே 76 டன்னுக்கும் 91 டன்னுக்கும் இடையே. கொழுத்த தாது முன்கூட்டியே எடுக்கப்பட்டதால் கீழ் எல்லைக்குப் பக்கமாக வைப்பதே நியாயம்.

தாதுவின் தரம் டன்னுக்கு இத்தனை அவுன்ஸ் என்று இருந்தால், வட அமெரிக்க அறிக்கைகளில் அந்த டன் பெரும்பாலும் 907 கிலோ. அவுன்ஸை 34.3-ஆல் பெருக்கினால் நம் டன்னுக்குக் கிராம் கிடைக்கும். பிரிட்டிஷ் அறிக்கை என்றால் டன் 1,016 கிலோ, பெருக்க வேண்டிய எண் 30.6. எந்த டன் என்று அறிக்கையில் இல்லாவிட்டால் இரண்டு விடைகளையும் நோட்டில் எழுதி வையுங்கள்.